கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர், இனம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாமல், கவுன்டரிலேயே நின்று கேட்கிறவர்கள் நிறைய பேர். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் லேப் ஆள், டாக்டர் இல்லை. எந்த எண் எதனால் மாறும் என்று என்னால் சொல்ல முடியும். எந்த மாத்திரை போடுவது என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குக் கிரியேட்டினின் 1.2. பக்கத்திலேயே "நார்மல் 0.6 முதல் 1.2 வரை" என்று அச்சிட்டிருக்கிறது. டாக்டர் மட்டும் ஏன் "கிட்னி பாதி வேலைதான் செய்கிறது" என்கிறார்?

டாக்டர் சொல்வதுதான் சரி. அச்சிட்ட அந்த எல்லை பலரையும் ஏமாற்றுகிறது.

நம் தசையில் கிரியேட்டின் என்ற பொருள் இருக்கிறது. தினமும் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாக்கில் சிதைந்து, கிரியேட்டினினாக ரத்தத்தில் சேர்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் நாம் அளப்பது, மிச்சம் நிற்பதை. தெருமுனை மெட்ரோ வாட்டர் தொட்டியில் மட்டம் எவ்வளவு என்பது லாரி எவ்வளவு ஊற்றியது, குழாயில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற இரண்டையும் பொறுத்ததுதானே. மட்டத்தை மட்டும் பார்த்துக் குழாயைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.

30 வயதுத் தம்பிக்கும் 65 வயது அம்மாவுக்கும் ஒரே 1.2 இருக்கிறது என்று வையுங்கள். கிரியேட்டினினை வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சிகேடி-எபி என்ற சூத்திரத்தின் 2021 வடிவத்தில் போட்டால், தம்பியின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 83 மில்லி. அம்மாவுக்கு 50. அம்மாவின் உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு. அப்படியிருந்தும் 1.2 நிற்கிறது என்றால் வடிகட்டல் மந்தம் என்றுதானே பொருள்? இப்படிக் கணக்கிட்ட வடிகட்டும் திறனுக்குத்தான் இஜிஎஃப்ஆர் என்று பெயர். இதனால்தான் கிரியேட்டினினை மட்டும் அச்சிட்டு, இஜிஎஃப்ஆர் போடாத ரிப்போர்ட்டை நான் அரை ரிப்போர்ட் என்பேன். வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் போதும், அந்தக் கணக்குக்கு வேறு ரத்தமோ கூடுதல் பணமோ வேண்டாம். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா அனுப்பிய பழைய ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் இரண்டு வரியாக இருக்கிறது: ஒன்று "ஆப்பிரிக்க அமெரிக்கர்", இன்னொன்று "மற்றவர்". ரத்தத்தில் இனம் தெரியுமா?

தெரியாது. ஒரே ரத்தம், ஒரே கிரியேட்டினின். "ஆப்பிரிக்க அமெரிக்கர்" வரி, மற்ற வரியை ஓர் எண்ணால் பெருக்கியது, அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரங்களின் கதை 1976ல் தொடங்குகிறது. காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் கனடாவில் 249 ஆண்களின் தரவை வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். மருந்தின் அளவைக் கணக்கிட டாக்டர்கள் இன்றும் அதை எடுக்கிறார்கள். 1999ல் அமெரிக்காவில் 1628 சிறுநீரக நோயாளிகளை வைத்து எம்டிஆர்டி சூத்திரம் வந்தது. அதில்தான் "நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை இத்தனையால் பெருக்கு" என்று சேர்த்தார்கள். அதன் எளிய வடிவத்தில் அந்த எண் 1.212. 2009ல் வந்த சிகேடி-எபி அதை 1.159 ஆகக் குறைத்தது. எடுத்துவிடவில்லை.

அந்த ஆய்வுகளில், ஒரே அளவு வடிகட்டும் திறன் இருந்தபோதும் கறுப்பின அமெரிக்கர்களின் கிரியேட்டினின் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அவர்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சராசரி சராசரிதான். மெலிந்த கறுப்பினப் பாட்டிக்கும் கட்டுமஸ்தான இளைஞனுக்கும் ஒரே எண்ணால் பெருக்கினால் என்ன நியாயம்?

இது காகிதத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அமெரிக்காவில் இஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலத்தை எண்ணத் தொடங்குவார்கள். ஒருவருக்கு 18 என்று வைப்போம். 1.212ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 22. இன்னும் காத்திரு என்று அர்த்தம். 2021ல் அங்குள்ள தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரகவியல் சங்கமும் சேர்ந்து அமைத்த குழு, இனம் இல்லாத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பும் இனப் பெருக்கலைக் கைவிட்டது. 2022ல் அமெரிக்க உறுப்பு மாற்று வலையமைப்பு இனம் சேர்ந்த கணக்கைத் தடை செய்தது. 2023 முதல், அந்தப் பெருக்கலால் இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வழி செய்தது.

நம் ஊரிலும் வெளிநாட்டு மென்பொருளோடு வந்த ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரி தெரிந்தால் குழம்ப வேண்டாம். எந்தச் சூத்திரம் என்று மட்டும் கேளுங்கள்.

அப்படியானால் இனத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. எண்ணைக் கணக்கிடுவது ஒன்று, நோய் வரும் வாய்ப்பு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பியதில்தான் பாதிச் சண்டை.

ஏபிஓஎல்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் இரண்டு மாற்று வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் பரவலாக உண்டு. ஆப்பிரிக்கத் தூக்க நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியிலிருந்து காப்பாற்றியதால் அங்கே அவை நிலைத்தன. ஆனால் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய் வரும் ஆபத்தைக் கூட்டும். 2010ல் இது தெரியவந்தது. கறுப்பின அமெரிக்கர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேரிடம்தான் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. தோல் நிறத்தைப் பார்த்து யாரிடம் இருக்கிறது என்று ஊகிக்க முடியாது, மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை.

நமக்கென்று தனிச் சூத்திரம் உண்டா?

ஆசியாவில் பலர் முயன்றார்கள். விடைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். எம்டிஆர்டி விடையைச் சீனர்கள் 1.233ஆல் பெருக்க வேண்டும் என்றது 2006ல் வந்த சீன ஆய்வு. 0.808ஆல் பெருக்கு என்றது 2009ல் ஜப்பான். பக்கத்துப் பக்கத்து நாடுகள்! ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. உண்மையான வடிகட்டும் திறனைச் சீனர்கள் அணுக்கதிர்ப் பொருளான டிடிபிஏவால் அளந்தார்கள், ஜப்பானியர்கள் இனுலின் (இன்சுலின் இல்லை) என்ற பொருளால் அளந்தார்கள். வித்தியாசத்தில் ஒரு பங்கு அளந்த முறையில் வந்தது. அதை இனத்தின் தலையில் கட்டினால் எப்படி?

நமக்கு நெருக்கமானது 2014ல் வந்த பாகிஸ்தான் ஆய்வு. 2009 சூத்திரம் 100 என்று சொன்னால் அவர்கள் திருத்தம் 90 என்கிறது. 2018ல் சண்டிகர் ஆய்வாளர்கள் இனுலினை வைத்து அளந்து பார்த்து, கிரியேட்டினினை நம்பியிருக்கும் சூத்திரங்கள் இந்தியர்களின் திறனைக் கூட்டிக் காட்டுகின்றன என்றார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. தசை குறைந்த உடம்பு, இறைச்சி குறைந்த சாப்பாடு, அதனால் குறைந்த கிரியேட்டினின், அதனால் ரிப்போர்ட்டில் கொஞ்சம் அழகான எண். தமிழர்களுக்கென்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட தனிப் பெருக்கல் எதுவும் கிடையாது. வராமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஒரே ஊர், ஒரே தண்ணீர். வடசென்னைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறுமா?

நன்றாக மாறும். சவுகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இறைச்சி தொடாத மார்வாடிக் குடும்பத்துப் பெண்மணி. காசிமேட்டில் வலை இழுத்து, மூன்று வேளையும் மீன் சாப்பிடும் அண்ணன். மண்ணடியில் காலையில் பாயாவும் ஞாயிற்றுக்கிழமை பீஃப் பிரியாணியும் சாப்பிடும் பாய். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். வியாசர்பாடியில் பாக்சிங் பழகிவிட்டு, ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கும் பையன். கொடுங்கையூரில் சர்க்கரையால் ஒரு கால் எடுக்கப்பட்ட தாத்தா. இவர்கள் எல்லாருக்கும் "இந்தியர்" என்று ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்கினால் யாருக்குச் சரியாக வரும்?

பாக்சிங் பையனுக்கு 1.3 வந்தால் சிறுநீரகம் நன்றாகவே இருக்கலாம். தசை அதிகம், மேலே பவுடர் வேறு. தாத்தாவுக்கு 0.9 வந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். கால் போனால் அந்தத் தசையும் போயிற்று, கிரியேட்டினினும் இறங்கும். ரிப்போர்ட் முன்பைவிட நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே சிறுநீரகம் தேறியிருக்காது. நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், காசநோயால் இளைத்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் கதையும் இதேதான். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஓபியில் சக்கர நாற்காலிக்கு மேல் போர்த்திய போர்வையை விலக்கிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

நேற்று ராத்திரி கறி சாப்பிட்டேன். இன்று டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். இறைச்சியை வேகவைக்கும்போது அதிலுள்ள கிரியேட்டின் கிரியேட்டினினாக மாறுகிறது. சாப்பிட்டால் அது நேராக ரத்தத்துக்கு வரும், சில மணி நேரம் எண்ணை ஏற்றிக் காட்டும். டெஸ்டுக்கு முன் 12 மணி நேரம் இறைச்சி வேண்டாம் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். மீனும் தசைதான், அதையும் தள்ளிப்போடுவது நல்லது. முந்தின நாள் வெயிலில் மாடாக உழைத்து, தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் எண் ஏறும். வழக்கமான ஒரு நாளுக்கு மறுநாள் காலையில் வாருங்கள்.

மாத்திரையும் விளையாடும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல், சிறுநீரகக் குழாய் வழியாகக் கிரியேட்டினின் வெளியேறுவதைத் தடுக்கும். எண் ஏறும், வடிகட்டல் அப்படியே இருக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

ரிப்போர்ட்டில் "1.73" என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

உடலின் மேற்பரப்பு, சதுர மீட்டரில். 1920களில் அமெரிக்க இளைஞர்களின் சராசரியாக எடுத்த எண், இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. 150 சென்டிமீட்டர் உயரம், 48 கிலோ எடை உள்ள நம் ஊர் அம்மா ஒருவருக்கு மேற்பரப்பு சுமார் 1.41தான். அவர் வயது 58, கிரியேட்டினின் 0.9 என்றால் ரிப்போர்ட் 74 என்று காட்டும். அவருடைய உடம்பில் உண்மையில் ஓடும் அளவுக்கு மாற்றினால் சுமார் 60. நோயின் நிலையைச் சொல்ல 74தான் சரி. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க, டாக்டருக்கு அந்த 60 வேண்டும். பொடி உடம்புக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சிஸ்டாட்டின் சி எடுத்தால் இந்தக் குழப்பமெல்லாம் தீருமா?

பெரும்பாலும். உடலில் உட்கரு உள்ள எல்லாச் செல்களும் சுரக்கும் சின்னப் புரதம் அது. தசையையும் சாப்பாட்டுத் தட்டையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. 2012லேயே அதற்கு வந்த சூத்திரத்தில் இனம் என்ற கட்டமே இல்லை. கிரியேட்டினினையும் இதையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதைவிடத் துல்லியம். 2024 சர்வதேச வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

இதற்கும் குறை உண்டு. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன், புகைப்பழக்கம், உள்ளே ஓடும் அழற்சி எல்லாம் இதை மாற்றும். விலையும் கிரியேட்டினினைவிட அதிகம், சின்ன லேப்களில் கிடைக்காது. எல்லாருக்கும் தேவையில்லை. இஜிஎஃப்ஆர் 45க்கும் 59க்கும் நடுவில் ஊசலாடுகிறது, சிறுநீரில் புரதம் இல்லை, நோயா இல்லையா என்று முடிவாகவில்லை என்றால் எடுக்கலாம். ஜிம் பையன், கால் இழந்த தாத்தா, மிகவும் மெலிந்தவர், சிறுநீரகம் கொடுக்க வந்தவர் என்றால் பணத்துக்கு மதிப்பு உண்டு.

ஒரு லேபில் 1.1, பக்கத்து லேபில் 1.3. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. கிரியேட்டினினை அளக்கும் முறை லேபுக்கு லேப் மாறலாம். ஜாஃபே முறை 1886லிருந்து இருக்கிறது. பிக்ரிக் அமிலம் கலந்து நிறம் பார்ப்பது. மலிவு, ஆனால் சர்க்கரை, கீட்டோன், சில செபலோஸ்போரின் மருந்துகள் எல்லாம் அந்த நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். மஞ்சள் காமாலை இருந்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும். என்சைம் முறை இதைவிடச் சுத்தம். எந்த லேபாக இருந்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், போக்கு தெரியும்.

தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கிரியேட்டினின் 97 என்று வந்திருக்கிறது! டயாலிசிஸா?

பயப்பட வேண்டாம். அங்கே அலகு வேறு. 88.4ஆல் வகுத்தால் 1.1.

மகள் ஆறு மாத கர்ப்பம். 0.9தானே, நல்லதுதானே?

உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பத்தில் வடிகட்டல் சுமார் பாதியளவு கூடுவதால் கிரியேட்டினின் இறங்க வேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரணமான 0.9, அவளுக்கு உயர்வு.

நம் இனத்துக்கே சிறுநீரகம் பலவீனம் என்கிறார்களே?

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியர்களுக்கு, அங்குள்ள வெள்ளையர்களைவிடச் சிறுநீரகச் செயலிழப்பு அதிகம். அது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் போகும். மெலிந்த உடம்பிலும் தொப்பையிலேயே கொழுப்பு சேரும் நம் வாகு, இளம் வயதிலேயே வரும் சர்க்கரை, அதைக் கண்டுகொள்ளாமல் விட்ட வருடங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு.

இன்னொன்று பிறந்த எடை. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் வாக்கில் வடிகட்டிகள் உண்டு, ஆளுக்கு ஆள் இதில் பெரிய வித்தியாசம். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தை குறைந்த கையிருப்போடு வாழ்க்கையைத் தொடங்குகிறது. அம்மாவுக்குக் கர்ப்பத்தில் என்ன சாப்பிடக் கிடைத்தது என்பது அறுபது வயதில் ரிப்போர்ட்டில் தெரியலாம். இதை இனம் என்று எழுதிவிட்டால் ரேஷன் கடையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, வசதிதான்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கிரியேட்டினின் 0.7. போதுமா?

போதாது. மெலிந்தவருக்கு 0.7 எதையும் நிரூபிக்காது. டிடிபிஏ போன்ற முறையில் வடிகட்டும் திறனை நேராக அளக்க வேண்டும். "இந்தியாவில் ஆரோக்கியமான தானம் கொடுப்போரின் சராசரி 81.4 தானா?" என்று தலைப்பிலேயே கேள்வி கேட்டு 2005ல் ஓர் ஆய்வு வந்தது. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் இளைஞருக்கு 100க்கு மேல் என்கின்றன. அந்த எல்லையை அப்படியே வைத்தால் நம்மில் நல்லவர்களையும் திருப்பி அனுப்புவோம். கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தினால், கையிருப்பு குறைந்த ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்துவிடுவோம்.

நம் பக்கத்தில் இதை லேசாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் ஒட்டிய பட்டப்பெயர் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1994ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் விற்பனை நிற்கவில்லை. சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007ல் செய்தியானது. சென்னையில் விற்ற 305 பேரைக் கேட்டு 2002ல் வெளியான ஆய்வில், 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றதாகவும், 86 சதவீதம் பேர் அதன் பிறகு உடல்நிலை மோசமானதாகவும் சொன்னார்கள். அண்ணனுக்குக் கொடுப்பது வேறு விஷயம்தான். ஆனால் கொடுப்பவர் உடம்பையும் நோயாளி உடம்பு போலவே சோதிக்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பிறகும் வருடா வருடம் பரிசோதனை வேண்டும்.

இவ்வளவும் நினைவில் நிற்காது. போனால் எதைக் கேட்பது?

சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், ஆங்கில எழுத்தில் சொல்வது போல "ஏசிஆர்". காலை முதல் சிறுநீர் கொஞ்சம் போதும். 30க்குக் கீழே நல்லது, 300க்கு மேலே என்றால் வடிகட்டி நன்றாகவே ஓட்டையாகிவிட்டது. இஜிஎஃப்ஆர் இறங்குவதற்கு வருடங்கள் முன்பே இது ஏறத் தொடங்கும், இதற்கு எந்த இனப் பெருக்கலும் கிடையாது. சர்க்கரையோ பிரஷரோ உள்ள எல்லாரும் வருடம் ஒரு முறை இதையும் இஜிஎஃப்ஆரையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு முறை மோசமாக வந்தால் மூன்று மாதம் இடைவெளி விட்டு மறுபடி பார்த்துத்தான் நாள்பட்ட நோய் என்று சொல்வார்கள்.

"மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் வீட்டுக்கு மாத்திரை வருகிறவர்கள் டெஸ்ட்டை மறந்துவிடுகிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறதே, எதற்குப் போக வேண்டும் என்ற நினைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் மாத்திரையிலேயே மெட்ஃபார்மின் இருக்கும். இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் அதன் அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், எண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக்கை மட்டும் யாரையும் கேட்காமல் இன்றே நிறுத்தலாம்.